நேத்தோட முடிஞ்ச கெடு

மூணு வருஷந்தானே சார்? அது ஒண்ணும் மாறலியே? சரி. கீழ போர்டுல பெரிசா எழுதிப் போட்டிருக்கீங்களே, வேலையில அடிபட்டவங்க மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டுடணும்னு, அதைப் பாத்துட்டுத்தான் மேல வந்தேன். எனக்கில்ல, தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு. வக்கீல் நாலு மணிக்குத்தான் வருவாரா? பரவால்ல, உங்ககிட்ட கேட்டாலே போதும். குமாஸ்தாவுக்குத் தெரியாதது வக்கீலுக்கு என்ன பெரிசாத் தெரிஞ்சிடப் போகுது. நீங்க பாட்டுக்கு ஃபைலைத் தைங்க, நான் பாட்டுக்குப் பேசறேன்.

உக்காரறேன். மூணு மாடி ஏறினதுல மூச்சு வாங்குது. கூட வந்தவளைக் கீழ பெஞ்சுலயே உக்கார வெச்சுட்டேன். வாடகைப் பத்திரம் விஷயமா வக்கீலைப் பாக்கப் போறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், தனியாப் போகாதே நானும் வரேன்னு கிளம்பிட்டா. வேண்டாம்னு சொன்னா விடற ஆளில்ல. சில பேரு அப்படித்தான், நல்லவங்களா இருந்தே நம்ம உசுரை வாங்குவாங்க.

தேதியா? பதினேழு. மூணு வருஷத்துக்கு முந்தி இதே மாசம் பதினேழாம் தேதி. இன்னிக்குப் பதினெட்டு. அப்ப நேத்தோட முடிஞ்சுது, இல்ல? இனிமே யாரு வந்து என்ன சொன்னாலும் வழக்கு நிக்காது. அதைத்தான் தெரிஞ்சுக்கணும். இல்ல சார், முடிஞ்சு போச்சேன்னு வருத்தப்படல. சும்மா தெரிஞ்சுக்கறதுக்கு.

எப்படி அடிபட்டுதுன்னு தெரியாம சொல்ல முடியாதா? அதுவும் சரிதான். சொல்றேன்.

நாங்க சலவைக் கம்பெனி. ஆஸ்பத்திரி, ஓட்டல் இங்கேருந்தெல்லாம் படுக்கை விரிப்பு வரும். தோச்சு ஈரத்தோட எங்க ஹாலுக்கு வரும். அங்க ஒரு ரோலர் மிஷின், இந்த ரூம் நீளத்துக்கு இருக்கும். கொதிக்கக் கொதிக்க ரெண்டு உருளை சுத்திக்கிட்டே இருக்கும். விரிப்போட ஒரு மூலையை ஒருத்தி, இன்னொரு மூலையை இன்னொருத்தி பிடிச்சு உள்ள விடணும். அந்தப் பக்கம் மொடமொடன்னு வந்து விழும். அதனால எங்க ஹால்ல பேரு சொல்லிக் கூப்பிடறதே இல்ல, ஜோடின்னுதான் சொல்லுவோம். உன் ஜோடி எங்கடி, உன் ஜோடிக்குக் காய்ச்சலாமே, இப்படி. அவ என் ஜோடி. ஒம்போது வருஷம். அவ இடது பக்கம், நான் வலது பக்கம்.

ஆமா, தெரிஞ்ச பொண்ணுன்னு சொன்னேனே, அவதான்.

உருளைக்கு முன்னாடி குறுக்கால ஒரு சிவப்புக் கம்பி இருக்கும். கை பட்டா மிஷின் நின்னுடும். நல்ல ஏற்பாடுதான். ஆனா விரிப்பு கொஞ்சம் மடிஞ்சு பட்டாலும் நின்னுடும். நின்னா மறுபடி ஓட விட பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு இத்தனை விரிப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, நின்னு நின்னு ஓடினா எங்க முடியும். அதனால காலையில வந்ததும் பழைய விரிப்புல ஒரு துண்டு கிழிச்சு, அந்தக் கம்பியைப் பின்னால இழுத்துக் கட்டிடுவோம். எல்லா ஜோடியும் கட்டும். சூப்பர்வைசருக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க. கட்டச் சொல்லிக் குடுத்ததே அவருதான். பரிசோதனைக்கு ஆள் வந்தா மட்டும் வாசல்லேருந்து இருமுவாரு, நாங்க அவுத்துடுவோம்.

முடிச்சு என் பக்கம் இருக்கும். விரிப்பு நடுவுல சுருங்கிட்டா, அவதான் கையை விட்டு நீவி விடுவா. அவ கை அவ்வளவு லாவகம். கையை விடறதுக்கு முன்னாடி, அவுத்தாச்சான்னு கேப்பா. நான் முடிச்சை உருவிட்டு ம்னு சொல்லுவேன். அப்புறந்தான் கம்பிக்கு மேலால கை உள்ள போகும், தவறி இறங்கினாலும் கம்பி பட்டு மிஷின் நின்னுடும். ஒம்போது வருஷத்துல எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பா, எத்தனை ஆயிரம் ம் சொல்லியிருப்பேன். அந்தச் சத்தத்துல தலை திருப்பிக் கூடப் பாக்க மாட்டோம்.

என்ன ஆச்சா? கை உள்ள போயிடுச்சு சார். வலது கை. சுவிட்சை நான்தான் ஓடிப் போய் அணைச்சேன். மூணு விரலோட போச்சு. இன்னும் ரெண்டு நொடி விட்டிருந்தா முழங்கை வரைக்கும் போயிருக்கும்னு டாக்டரே சொன்னாரு. அன்னிலேருந்து ஊரே என்னைக் கும்பிடாத குறை. அவ புருஷன் என்னைப் பாத்தா எழுந்து நிக்கறாரு. உங்களாலதான் இவ எனக்குக் கிடைச்சான்னு கண்ணு கலங்கறாரு.

தண்ணி இருக்கா சார்? குடுங்க.

அவ வீடு எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல. எங்க அடுப்படி ஜன்னலைத் திறந்தா அவங்க ரூம் தெரியும். தினம் காலையில ஆறரைக்கு அவ தரையில உக்காந்திருப்பா, அவரு பின்னால முக்காலி போட்டு உக்காந்து தலை வாரி விடுவாரு. ஒத்தக் கையால பின்ன முடியாது இல்ல. முதல் ஒரு மாசம் பின்னல் கோணல்மாணலா இருந்துச்சு. இப்பப் பாக்கணும், நான் பின்னினாக் கூட அப்படி வராது. சீப்புல முடி வந்தா, ஐயோ இழுத்துட்டேனான்னு கேப்பாரு. அங்க பேசறது எனக்குக் காதுல விழாது, வாய் அசையறதை வெச்சுச் சொல்றேன். தினம் பாத்தா தெரிஞ்சுடும்.

பாக்காம இருந்தா என்னவா? நல்லாக் கேட்டீங்க. ஜன்னலைச் சாத்தி வெச்சுப் பாத்தேன். சாத்தினா இன்னும் வயிறு எரியுது.

நான் சொல்றதை யாருகிட்டயும் சொல்லாதீங்க. மூணு விரல் போனவளைப் பாத்துப் பொறாமைப்படறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எனக்கும் புருஷன் இருக்காரு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். போன வருஷம் எனக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் எழுந்திருக்கல. கட்டில் பக்கத்துல வந்து நின்னு, சாப்பாடு ஆச்சான்னு கேட்டாரு. நான் சாப்பிட்டாச்சான்னு கேக்கறாருன்னு நெனச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறந்தான் புரிஞ்சுது, அவருக்குச் சமைச்சாச்சான்னு கேட்டிருக்காரு. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சிருக்கேன்.

இது அடிபட்டப்புறம் வந்த பொறாமையில்ல. முன்னாடியே இருந்துச்சு. அன்னிக்கே இருந்துச்சு.

அன்னிக்கு நல்ல மழை. அவ சாப்பாட்டு டப்பாவை வீட்டுல மறந்துட்டு வந்துட்டா. பத்தரை மணிக்கு அவரு சைக்கிள்ல கொண்டு வந்தாரு. எங்க ஹால் ஜன்னல்லேருந்து கம்பெனி வாசல் கேட்டு தெரியும். மழைக் கோட்டைக் கழட்டி டப்பாவைச் சுத்தியிருக்காரு, அவரு தொப்பலா நனைஞ்சு நிக்கறாரு. அவ ஓடறா. டப்பாவை வாங்கிக்கிட்டு, தன் துண்டால அவரு தலையைத் துடைச்சு விடறா, கேட்டுக்கிட்ட, எல்லாரும் பாக்க. வாட்ச்மேன் கூட அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. திரும்பி வந்து என் பக்கத்துல நின்னா. சிரிப்பு மட்டும் மூஞ்சியை விட்டுப் போகல. நாலு விரிப்பு உள்ள விட்டோம். நாலுக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தா.

அஞ்சாவது விரிப்பு சுருங்குச்சு.

அவ கேட்டாளா கேக்கலியான்னுதானே சார் கம்பெனியிலயும் கேட்டாங்க. ஆஸ்பத்திரிக்கே பேப்பர் எடுத்துட்டு வந்துட்டாரு சூப்பர்வைசர். அதுக்கு முன்னாடியே, ஆம்புலன்ஸ் கேட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள, கத்திரியை எடுத்து கம்பியைக் கட்டியிருந்த துணியை வெட்டி எறிஞ்சுட்டாரு. கம்பி கட்டியே இல்ல, இவளா கவனமில்லாம கையை விட்டான்னு எழுதி வெச்சிருந்தாரு. என்னைக் கேட்டாங்க. அவ ஒண்ணும் கேக்கல, திடீர்னு கையை விட்டுட்டான்னு சொன்னேன். கீழ கையெழுத்தும் போட்டேன்.

அவளுக்கு அந்த நிமிஷம் ஞாபகமே இல்ல. அதிர்ச்சியில போயிடுமாம். மயக்கம் தெளிஞ்சு என்னைத்தான் கேட்டா, அவுத்தாச்சான்னு நான் கேட்டேனாடின்னு. நீ கேக்கலடின்னேன். ஐயோ, உன்னையும் பயமுறுத்திட்டேனேன்னு இன்னொரு கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அத்தோட முடிஞ்சுது. என் தப்புக்கு யாரு மேல வழக்குப் போடறதுன்னு அவளே சொல்லிட்டா. அவ வார்த்தைக்கு மேல அவரு பேச மாட்டாரு. அப்புறம் கம்பெனியில, விரல் இல்லாதவளுக்கு என்ன வேலை குடுக்கறதுன்னு ஆறு மாசத்துல அனுப்பிட்டாங்க. அதுக்கும் வாயைத் திறக்கல. வீட்டுல உக்காந்து இடது கையால எழுதப் பழகிட்டிருக்கா. எழுத்து குழந்தை எழுத்து மாதிரி இருக்கும். அதையும் அவரு பத்திரமா எடுத்து வெக்கறாரு.

கேட்டா சார். எப்பவும் போலத்தான் கேட்டா. அவுத்தாச்சான்னு கேட்டா. நானும் எப்பவும் போலத்தான் ம்னேன். என் கை மட்டும் முடிச்சுகிட்டப் போகல.

வேணும்னே பண்ணினேனான்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கே தெரியாது. மூணு வருஷமா அந்த ஒரு ம்மைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். அவ தலை துவட்டினதையே நெனச்சுக்கிட்டிருந்ததுல கவனம் போச்சா, இல்ல இந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம் நிக்கட்டும்னு நெனச்சேனா. விரல் போகணும்னு நெனக்கல. அது சத்தியம். மத்ததுக்கு என்னால சத்தியம் பண்ண முடியாது.

வெட்டி எறிஞ்ச துணியா? நான்தான் பொறுக்கினேன். ஏன்னு தெரியல, பொறுக்கி வெச்சுக்கிட்டேன். முடிச்சு அவிழாம அப்படியே இருக்கு. கம்பெனி முத்திரையும் ஓரத்துல பாதி இருக்கு.

இப்ப எதுக்கு வந்தேன்னா, அவகிட்ட சொல்லிடலாம்னு. கெடு முடியட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். முடிஞ்சப்புறம் சொன்னா வழக்கும் இல்ல, சாட்சிக் கூண்டும் இல்ல, என் வேலையும் போகாது. அவ என்னைக் காறித் துப்பினாப் போதும், அந்த மனுஷன் எனக்கு எழுந்து நிக்கறதாவது நிக்கும். ஆனா அவ துப்ப மாட்டா. மன்னிச்சுடுவா. அதை நெனச்சா இப்பவே எரிச்சலா வருது.

என்ன காலண்டரைப் பாக்கறீங்க? பதினேழுதான் சார். எனக்கு அந்தத் தேதி தப்பாது. நேத்து ஞாயித்துக்கிழமை, ஆமா. அதனால என்ன?

கோர்ட்டு லீவுன்னா, அடுத்து திறக்கற நாள்ல போடலாமா. கெடு லீவுல முடிஞ்சா அப்படித்தானா. எல்லாருக்கும் அப்படித்தானா.

அப்ப இன்னிக்கு. எத்தனை மணி வரைக்கும் வாங்குவாங்க? அஞ்சா. இப்ப மணி ரெண்டே முக்கால். அதுக்குள்ள எழுத முடியுமா? ஒரு பக்கம் போதுமா, மீதியை அப்புறம் சேத்துக்கலாமா. கம்பெனி மேலதானே போடுவீங்க. சரி. என் மேலயும் கேள்வி வரும்ல. வரும்னுதான் தெரியுமே, அதுக்குத்தானே மூணு வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

ஊசியைக் கீழ வெச்சுட்டீங்க. வெள்ளைப் பேப்பரை எடுக்கறீங்க. நான் எழுந்து போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? பேரு கூட சொல்லலியே நான். கீழ இறங்கி, வாடகைப் பத்திரம் ஆயிடுச்சு வாடின்னு கூட்டிட்டுப் போயிட்டா, அஞ்சு மணி தானா அடிச்சுடும்.

இல்ல, எழுதுங்க. சூப்பர்வைசர் கட்டச் சொன்னதை முதல்ல எழுதுங்க. அப்புறம் அவ கேட்டதை எழுதுங்க. நான் ம்னு சொன்னதையும் எழுதணுமா? எழுதுங்க.

கையெழுத்து அவதான் போடணுமா. இடது கையால போட்டாப் பரவால்லியே? துணியும் வேணும்னா இருக்கு, என் பையில. பை அவகிட்டதான் இருக்கு. கீழ பெஞ்சுல, பச்சைக் குடையும் பையும் மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா பாருங்க, அவதான் சார்.

கூப்பிடாதீங்க, நானே போய்க் கூட்டிட்டு வரேன். படியில அவளால வலது பக்கம் கம்பியைப் பிடிக்க முடியாது. அந்தப் பக்கம் எப்பவும் நான்தான் நிப்பேன்.