டேல் கோவாக்கின் இடது முழங்கால்

ஐஸ் வைக்கும்போது பெரும்பாலானவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். நேராகத் தோலின்மேல் வைத்துவிடுகிறார்கள். நடுவில் ஓர் ஈரத்துணி வேண்டும். உங்களைப் பார்த்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. என் வீட்டுப் படியேறி வரும்போது வலது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் வைத்தீர்கள். வீட்டுக்குப் போனதும் செய்து பாருங்கள்.

லீக் அலுவலகத்திலிருந்து இந்தப் பனியில் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்களை அலைக்கழிக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நடுவில் கேள்வி மட்டும் கேட்காதீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

என் பெயர் லாயிட் பென்ரோஸ். இந்த அணியின் பிசியோ. ஆட்டத்துக்கு முன்னால் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, அடிபட்டவனை மறுபடி ஓடவைப்பது, இதுதான் வேலை. என் அறை கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டு வந்து தலைக்கு மேலே கத்தும். அதில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது, அது அவர்கள் தப்பில்லை. வீட்டிலும் நான் ஒருவன்தான். சூப்பைச் சட்டியிலிருந்தே குடித்துவிடுவேன், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி. ஓர் ஆளுக்காகக் கிண்ணத்தை வேறு அழுக்காக்குவானேன்.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் அலுவலகத்துக்காரர், கவனித்திருக்க மாட்டீர்கள். அடிபட்டவனை மற்ற வீரர்கள் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். வாய்விட்டு ஒருவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். நூற்றிருபது கிலோ ஆட்கள், சுவரை முட்டிச் சாய்க்கக் கூடியவர்கள், எதிரே ஒருவன் ஊன்றுகோலோடு வந்தால் ஷூ நாடாவைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்கள். என் அறையைத் தாண்டும்போது எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கோச்சின் தலையும்தான். இந்த வழக்கம் இல்லையென்றால் நான் செய்தது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிருக்கும்.

டேல் கோவாக் எங்கள் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி எறிகிறவன். மற்ற எல்லோரும் அவனைக் காப்பாற்றத்தான் அடி வாங்குகிறார்கள். பல வருடங்களாக அவன் கணுக்காலுக்கு நான்தான் பட்டை சுற்றுகிறேன். அத்தனை வருடத்தில் அவன் என்னிடம் பேசியது, ‘இறுக்கு’, ‘போதும்’, ‘தேங்க்ஸ்’. செப்டம்பரில் எதிரணிக்காரன் ஒருவன் அவன் காலின்மேல் விழுந்தான். இடது முழங்காலின் உட்பக்கத் தசைநார் பாதி கிழிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஒன்றரை மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக, அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வாரம் டேல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் மதில்போல் நின்று ஆடும் பெரிய ஆள் ஒருவன், இவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நடந்து போனான். டேல் கையை ஆட்டினான். அவன் போனைப் பார்த்தபடியே போய்விட்டான்.

“லாயிட், நான் செத்துகித்துப் போயிட்டேனா?” என்றான் டேல்.

“இன்னும் இல்ல. காலை நீட்டு.”

சிரித்துவிட்டான். அன்றைக்குத்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். மனைவி கோரினைப் பற்றிச் சொன்னான், இவனுக்கு இந்த ஆட்டத்தைத் தவிர எதுவும் தெரியாது என்று அவளுக்குச் சலிப்பு. அப்பாவைப் பற்றிச் சொன்னான். மதியம் தெருமுனைக் கடைக்குப் போன் செய்து இரண்டு சாண்ட்விச் வரவழைப்பான். ஒரு நாள் நான் அதிலிருந்த புளிப்பு வெள்ளரிக்காயை எடுத்து ஓரமாக வைத்ததைப் பார்த்திருக்கிறான். மறுநாளிலிருந்து என்னுடையது வெள்ளரிக்காய் இல்லாமல் வந்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு என்ன பிடிக்காது என்று ஞாபகம் வைத்திருந்த ஆள் கடைசியாக என் அம்மா. நான் கை கழுவப் போகிறவன்போல் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் கடைசியில் முழங்கால் நன்றாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை டேல் முழுதாக உட்கார்ந்து எழுந்தான். வலியில்லை. “இன்னும் ஒரே வாரம். அப்புறம் இந்தப் பொந்தை விட்டு மேல போயிடுவேன்” என்றான். தண்டனை முடிந்தவன் பேசுவதுபோல இருந்தது அது. வாழ்த்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சூப் குடித்தேன்.

திங்கட்கிழமை அவன் மேசையில் படுத்திருந்தபோது, குணமாகிவந்த நாரை இழுக்கக் கூடாத பக்கமாகக் கொஞ்சம் இழுத்தேன். கொஞ்சம்தான். அவன் முகம் சுருங்கியது. “இது நல்ல வலி, பல்லைக் கடிச்சுக்க” என்றேன். கடித்துக்கொண்டான். சாயங்காலம் வீக்கம் வந்தது. அதற்கு ஐஸ் வைத்து, பொறுமையாகக் கட்டு போட்டு அனுப்பினேன். அந்தக் கட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். என்னைக் கேட்பார், தலையாட்டுவார், போய்விடுவார். மற்றவர்கள்தான் இந்தப் பக்கம் பார்ப்பதே இல்லையே.

மேலே டேலின் இடத்தில் ரெமி ப்ரூசார்ட் ஆடிக்கொண்டிருந்தான். லூயிசியானாவிலிருந்து வந்த புதுப்பையன், இதுதான் முதல் வருடம். பார்க்கப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பான். வரிசையாக ஜெயித்தான். ஊர் இரண்டாகிவிட்டது. முடிவெட்டும் கடையில் என் தலை இருப்பதையே மறந்துவிட்டு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

“பொடியன் ஓடுறான்யா, எறியுறான்யா, இன்னும் என்ன வேணும் உனக்கு? அந்தக் கிழட்டுக் குதிரையைக் கொண்டுபோய் லாயத்துல கட்டு.”

“பெரிய ஆட்டத்துல பொடியன் பேண்ட்டை நனைச்சுக்குவான். அப்ப வந்து டேல், டேல்னு அழு, நான் வேடிக்கை பார்க்குறேன்.”

டேல் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று நாற்காலியை விட்டு எழுந்தபோது மனம் நிறைந்திருந்தது.

நவம்பரில் ரெமி என் அறைக்குள் வந்தான். அதுவரை எந்த வீரனும், உடம்பு நன்றாக இருக்கும்போது, தானாக அந்தக் கதவைத் திறந்ததில்லை.

“என்ன பெருசு, இங்கதான் பதுங்கியிருக்கியா?”

“டேய், வெளிய போடா. இங்க வந்தா ஆகாதுன்னு உனக்கு எவனும் சொல்லலையா?” என்றான் டேல்.

“எல்லாரும் சொன்னானுங்க. எங்க ஊர்ல மழைக்காலத்துல வீட்டுக்குள்ள பாம்பு நீந்தும். அதையே பார்த்துட்டேன், உன் முட்டியைப் பார்த்தா பயப்படப் போறேன்?”

அவன் அம்மா அனுப்பிய காரச் சோற்றைக் கொண்டுவந்திருந்தான், சாஸேஜ் போட்டது. டேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கொலை பண்ணப் பார்க்குறியாடா, என் இடத்துக்காக?” “அதுக்கு எதுக்கு நல்ல சோத்தை வீணாக்கணும், பெருசு? தலகாணி போதும்.” இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டேல் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் துண்டை மடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் கொஞ்சம் வைத்தான் பையன். மரியாதை தெரிந்தவன், என்னை சார் என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு மதியம் சாண்ட்விச் சொல்லவில்லை.

அதன்பிறகு அடிக்கடி வந்தான். ஒரு நாள் சோற்றுக் கரண்டியாலேயே சுட்டிக்காட்டி, “போன வாரத்தைவிட வீங்கியிருக்கே, இது எப்படி?” என்றான். டேல், “லாயிட் பார்த்துக்குறாரு. உன் வேலையைப் பாருடா” என்றான். அவன் சொன்னது எனக்கு இனித்தது. ஆனால் பையன் என் கையைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

எனவே டேலிடம் சொன்னேன்: “சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். உன் முட்டி முடிஞ்சுபோச்சுன்னு அந்தப் பையன் கோச் கிட்ட சொல்லியிருக்கான். நேர்லயே பார்த்தேன்னு சொன்னானாம்.”

அது பொய். அடுத்த தடவை ரெமி உள்ளே வந்தபோது டேல் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். பையன் சோற்று டப்பாவோடு நின்றான், “பெருசு?” என்றான், பிறகு போய்விட்டான். மறுபடியும் நாங்கள் இரண்டு பேரானோம். அந்த மூன்று வாரம், என் வாழ்க்கையில் அதைப்போல் வேறு இல்லை.

டிசம்பரில் ரெமி தோற்க ஆரம்பித்தான். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. கோச் ஹான்லிக்கு டேல் ஞாபகம் வந்தது. டேலும் துடித்துக்கொண்டிருந்தான். “இப்ப ஆடலைன்னா வசந்தத்துல என்னைக் கழட்டி விட்டுடுவாங்க, லாயிட். கோரின் பென்சில்வேனியாவுக்கே போயிடலாம்ங்குறா. அவ அண்ணன்கிட்ட டிராக்டர் விக்குற வேலை இருக்காம்.”

நான் நன்றாக யோசித்தேன். அவசரத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதக் கூடாது. முழங்கால் தாங்காது என்று உண்மையைச் சொன்னால் பையன் ஆடுவான், டேலை அனுப்பிவிடுவார்கள், டிராக்டர் விற்கப் போய்விடுவான். கையை நிறுத்திக்கொண்டு முழுசாகக் குணப்படுத்தினாலோ, மேலே போய்விடுவான், மறுபடி ‘இறுக்கு’, ‘போதும்’. ஆனால் லீக்கின் விதி உங்களுக்கே தெரியும். ஆட்டத்தில் அடிபட்டவனை அணி கைவிட முடியாது. சம்பளம் கொடுத்து, தன் சொந்தச் செலவில், தன் சொந்த பிசியோவிடம் பார்க்க வேண்டும். சின்னக் காயம் என்றால் அந்த வருட ஆட்டங்களோடு சரி, பெரிய காயம் என்றால் குணமாகும்வரை, எப்படியும் ஒரு வருடம். நியாயமான விதி. யார் எழுதினாரோ, வீரர்கள்மேல் அக்கறை உள்ளவர்.

கோச்சின் அறையில் டாக்டரும் இருந்தார்.

“லாயிட், சுத்தி வளைக்காத. பெருசா, பொடியனா?”

“அது உங்க வேலை கோச். முட்டியைப் பத்தி மட்டும் என்னைக் கேளுங்க.”

“சரி, தாங்குமா?”

“தாங்கும்” என்றேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், கோச் டாக்டரின் முகத்தைப் பார்த்தார், முடிந்தது. யாரும் கீழே வந்து முழங்காலைப் பார்க்கவில்லை.

ஆட்டத்தன்று நானே கட்டு போட்டேன். டேல் என் தோளில் கைவைத்து, “உன்னாலதான் லாயிட்” என்றான். முதல் பாதியைத் தாண்டாது என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாவது கால்பகுதிவரை நின்றது. கட்டு அப்படி. அந்த நேரம் அவன் பக்கத்தில் எதிரணிக்காரன் யாருமே இல்லை. பந்தை எறிவதற்காக இடது காலை முன்னால் ஊன்றினான், கால் அவனுக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பியது.

நான் ஓடினேன். எல்லா வீரர்களும் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார்கள். டேல் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “போகாத லாயிட், போகாத” என்றான். அப்போது என் மனநிலை எப்படி இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ரெமி மட்டும்தான் இந்தப் பக்கம் திரும்பி ஓடிவந்தான். மண்டியிட்டு முழங்காலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். உங்களுக்குத் தகவல் சொன்னவன் அவன்தான், தெரியும். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. சின்னப் பையன், அவனுக்குக் கூடிப் பேச நூறு பேர் இருக்கிறார்கள்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆமாம், வேண்டுமென்றேதான் இழுத்தேன், அக்டோபர் கடைசியிலிருந்து, வாரம் தவறாமல். தாங்காது என்று தெரிந்துதான் தாங்கும் என்றேன். தசைநார் எல்லாம் போய், நரம்பும் போய்விட்டதாகவும், பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றும் ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களாம். நரம்பு போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். நரம்பு என்றால் இரண்டு வருடம்கூட ஆகும்.

என் முகத்திலேயே விழிக்கப் பிடிக்கவில்லை என்று டேல் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அது வலி மருந்து பேசுகிற பேச்சு, நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது அவன் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவனை விட்டுப் போகாத ஆள் நான் ஒருவன்தான் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். என் அறைச் சாவியைக் காவலாளி வாங்கி வைத்திருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்துவிடுவான். டேல் வரும்போது கதவு பூட்டியிருந்தால், பாவம், அந்தக் காலோடு அவன் எங்கே போவான்?