சுல்தான் அகமதுவின் தம்பி

எங்கள் வீட்டில் தேநீரை என்னைவிட நன்றாகப் போடுகிறவன் என் தம்பி றொய்ஸ்டன்தான். அதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இந்த நகரின் எப்சம் பகுதியில் ஒரு பள்ளியில் சரித்திரம் படிப்பிக்கிறேன். ஒட்டோமான் சுல்தான் முதலாம் அகமதுவைப் பற்றிப் பதினொரு ஆண்டுகளாக நூல் எழுதிவருகிறேன். அவருடைய தந்தை அரியணை ஏறியபோது தன் சகோதரர் பத்தொன்பது பேரைக் கழுத்தை நெரித்துக் கொல்வித்தார். பதின்மூன்று வயதில் பட்டத்துக்கு வந்த அகமதுவோ, தம்பி முஸ்தபாவை உயிரோடு விட்டார். அகமதுவுக்கு அப்போது பிள்ளை இல்லை. வம்சம் அற்றுப்போய்விடும் என்ற அச்சம். அதை நிறுவ எனக்கு நானூறு பக்கம் தேவைப்பட்டது.

றொய்ஸ்டன் படிப்பு விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து நான் அழைத்து வந்தவன். என் அலமாரிப் புத்தகங்களைப் படித்து, இரண்டே ஆண்டில் அதே சுல்தானை எழுதி முடித்துவிட்டான். அகமதுவுக்குத் தம்பிமேல் பாசம், அவ்வளவுதான் என்று எழுதினான். நகர மையத்தில் ஒரு பதிப்பகம் உடனே ஏற்றுக்கொண்டது.

என் மனைவி ஸ்ரெல்லா அதை அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள்.

"இருபத்தேழு வயசில அந்தச் சுல்தான் சாகிற இடம் நெஞ்சை அடைச்சுப்போட்டுது," என்று கண்ணைத் துடைத்தாள்.

"என்ரையை வாசிச்சனீரோ?"

"ஓம், தொடங்கினனான்."

அந்தச் சனிக்கிழமை தம்பியை முரிவாய்க் கடற்கரைக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போனேன். அவனுக்கு நீந்தத் தெரியாது. உயிர்காப்பு அங்கி ஒன்றுதான் இருந்தது. அதை நான் போட்டிருந்தேன்.

"அண்ணா, கீழ்ப்பாறையில நிக்கலாமோ?"

"ஓம், அங்கதான் மீன் கடிக்கும்," என்றேன். அது பொய்யல்ல.

மூன்றாவது அலை அவனை எடுத்தது. நான் தள்ளவில்லை. பாறையில் நட்ட கம்பத்தில் மிதவை வளையம் தொங்கியது. அதைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"அண்ணா, எறியுங்கோ," என்றான். எறிந்தால் எட்டும் தூரம்தான். அவன் தலை மறையும்வரை கையிலேயே வைத்திருந்தேன். பிறகு இருந்த இடத்தில் மாட்டினேன். மேலே நடைபாதையில் நின்ற யாரோ படம் பிடித்திருக்கிறார் என்கிறீர்கள். இருக்கட்டும்.

வாக்குமூலத்தில் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்ரெல்லா இப்போது நாள் முழுக்க அவன் கைப்பிரதியோடு இருக்கிறாள். நேற்றுக்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாம் அதிகாரத்தில் அவன் ஓர் ஆண்டைப் பிழையாக எழுதியிருப்பதை அன்பாகத்தான் சுட்டிக்காட்டினேன்.