ஒன்பது கட்டத்திலும் டிக்

...அதுல உக்காராதீங்க சார், அது டைப்பிஸ்ட் அக்கா நாற்காலி, ஒரு கால் ஆடும். இதுல வாங்க. சர்வரைப் பார்க்க வந்திருக்கீங்க, சரி, பாருங்க. ஆனா கோளாறு சர்வர்ல இல்லன்னு திங்கக்கிழமையிலேருந்து நானும் தொண்டை வறளச் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். எங்க காலேஜ் முதல்வர் அம்மா காதுல விழுந்தாத்தானே.

முதல் வருஷ நர்சிங், நூத்திப்பத்துப் பொண்ணுங்க. பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள் அத்தனை பேர் போன்லயும் உலாத்தியிருக்கு. தாளை அடிச்சது யாரு? அக்கா. அப்போ வெளிய விட்டது யாரு? இதைக் கண்டுபிடிக்க வெளியிலேருந்து ஒரு இன்ஜினியர். நடக்கட்டும். அக்காவை திங்கக்கிழமையே வீட்டுக்கு அனுப்பியாச்சு. உங்க ரிப்போர்ட் வந்ததும் சாயங்காலம் வேலையை விட்டே எடுத்துருவாங்க.

பாஸ்வேர்டா? இருங்க, மானிட்டருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கேன். அப்படிப் பார்க்காதீங்க சார், பின்னாடிதானே ஒட்டியிருக்கேன்.

இந்தப் பாடம் நடத்துற சாஃப்ட்வேரை ஏத்தினது நான்தான். ஒண்டியா. "கம்ப்யூட்டர் படிச்சவதானே, ரெண்டு நாள்ல முடிச்சிரு"ன்னாங்க முதல்வர் அம்மா. கம்ப்யூட்டர் படிச்ச பாவத்துக்கு பிரிண்டர்ல சிக்கின பேப்பரையும் நான்தான் உருவறேன், ஏசி ஒழுகினா வாளியும் நான்தான் வைக்கிறேன். இது என்ன பெரிசு?

ஏத்த ஆரம்பிச்சா, டேட்டாபேஸ் எங்கங்குது. கொடுத்தேன். சர்வர்ல இருக்கற பிஎச்பி பழசுங்குது. மாத்தினேன். மாமியார் தோத்துருவாங்க சார், அவ்வளவு குத்தம். கடைசியா, இந்த ஃபோல்டர்ல எழுத அனுமதி இல்லன்னு அடம்பிடிச்சு நின்னுருச்சு. அனுமதிதானே வேணும்? யார் படிக்கலாம், யார் எழுதலாம்னு மூணு வரிசை இருக்கும்ல, வரிசைக்கு மூணு கட்டம். ஒன்பதுலயும் டிக் போட்டேன். கம்முனு ஓடிருச்சு.

ஏன் சார், தண்ணி வேணுமா? திடீர்னு இருமறீங்க.

இதுக்கு நடுவுல அந்த அக்கா வேற. அவங்களுக்கு ஒரு வியாதி, எழுத்துன்னு எதைப் பார்த்தாலும் வாய்விட்டு வாசிப்பாங்க. இருபது வருஷம் பிழை பார்த்த பழக்கம். சோப்பு உறையைக்கூட விடமாட்டாங்க. என் திரையில சிவப்பா நாலு வரி வந்துச்சு, உடனே எட்டிப் பார்த்து ஆரம்பிச்சுட்டாங்க. வெளியாளுங்க திறக்க முடியற இடத்துல இந்த ஃபோல்டரை வைக்கக் கூடாதாமேம்மா, சிவப்புல போட்டிருக்கே, ஒரு தடவை பாரேன்னாங்க. இதெல்லாம் சிகரெட் அட்டையில போடற எச்சரிக்கை மாதிரிக்கா, அடுத்து, அடுத்துன்னு அமுக்கிட்டுப் போய்ட்டே இருக்கணும்னு சொன்னேன். "சரிம்மா, நீ படிச்சவ"ன்னுட்டுத் தட்டச்சு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

எங்க வச்சேனா? சைட்டுக்குள்ளயேதான். எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தேட வேணாம்ல? பேரு டேட்டா. பின்ன, டேட்டா ஃபோல்டருக்குச் செல்லப் பேரா வைப்பாங்க?

ஆமா, டீச்சருங்க ஏத்தற தாளெல்லாம் நேரா அதுலதான் போய்...

போனை எதுக்கு எடுக்கறீங்க? முதல்வர் அம்மாவுக்கா? இல்லையா. ஓ, எங்க சைட்டு. முகவரிக்குப் பின்னாடி ஒரு சாய்கோடு. டேட்டா.

பாஸ்வேர்டே கேக்கலையே சார்.

இது வெள்ளிக்கிழமை நடக்கப்போற உடற்கூறியல் தாள்.

மூடிருங்க. இல்ல, நீங்க மூடி என்ன ஆகப்போகுது. இருங்க, அந்த ஃபோல்டரை முதல்ல சைட்டை விட்டு வெளிய எடுத்துடறேன். டிக்கெல்லாம் எடுக்கறேன்.

திங்கக்கிழமை அக்கா பையை மாட்டிக்கிட்டு இங்க வந்து நின்னாங்க சார். "அந்தச் சிவப்பு வரி"ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்கு வேலை இருக்குக்கா, அப்புறம் பேசலாம்னு ஹெட்போனை மாட்டிக்கிட்டேன். பாட்டுகூட ஓடல. சும்மாதான் மாட்டிக்கிட்டேன்.

ரிப்போர்ட்ல நீங்க எழுத வேணாம். நானே எழுதித் தர்றேன், எம் பேருல. எங்க வீட்டுல டிகிரி வாங்கின முதல் ஆள் நான். வேலை போனா வீட்டுல என்ன சொல்றதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். சாயங்காலத்துக்குள்ள லெட்டர் முதல்வர் அம்மா மேஜைல இருக்கணும்.

நீங்க போயிடாதீங்க சார். அடிச்சு முடிச்சதும் வாய்விட்டு வாசிக்கிறேன். எங்கயாவது ஒரு வரியைத் தாண்டிப் போனா, கொஞ்சம் நிறுத்துங்க.