லிஃப்ட் இல்லாத தெரு

ரூஹி: நிறுத்து, நிறுத்து. அந்த இடத்தை மறுபடி போடு.

புகழேந்தி: எத்தினி வாட்டி? நாலு மணிக்குள்ள வீடியோவ மிஸ்ஸுக்கு அனுப்பணும்.

ரூஹி: போடுடா.

புகழேந்தி: இந்தா... தெரு போட்டோங்க ஓடுது, பின்னால குடம் இடிக்குது. தண்ணி லாரி வருது. ஒருத்தங்க "ஏய், வரிசையில வா"ன்னு கத்துறாங்க. எங்க ஆத்தோரத் தெருவுல காலையில இப்டித்தான். எட்டாங்கிளாஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்டுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?

ரூஹி: நடுவுல 'டிங்'னு ஒண்ணு கேக்குதே.

புகழேந்தி: சைக்கிள் பெல்லு.

ரூஹி: அப்புறம் 'ஃபோர்த் ஃப்ளோர்'னு ஒரு குரல் வருது. உங்க ஊரு சைக்கிள் இங்கிலீஷ் பேசுமா?

புகழேந்தி: குடு, அந்த எடத்த வெட்டிர்றேன்.

ரூஹி: குடிசைங்க நடுவுல லிஃப்ட் ஏதுடா புகழு?

புகழேந்தி: அந்தத் தெருவே இல்ல ரூஹி. போன வருசமே இடிச்சுட்டாங்க. ஊருக்கு வெளிய, பெரும்பாக்கத்துல மாடி வூடு குடுத்துட்டாங்க.

ரூஹி: இங்க பக்கத்துல, மந்தைவெளியில அத்தை வீட்ல இருக்கேன்னியே?

புகழேந்தி: டூப்பு. தூரம்னு தெரிஞ்சா "அங்கயே ஸ்கூல் பாரு"ன்னு டி.சி. குடுத்துருவாங்க. எனக்கு இந்த ஸ்கூலுதான் வேணும்.

ரூஹி: அப்ப இந்தச் சத்தமெல்லாம்?

புகழேந்தி: பழைய தெரு ஆளுங்க ஒவ்வொரு பிளாக்குல ஒவ்வொருத்தரா கீறாங்க. எல்லாரையும் கூப்ட்டு லிஃப்ட் பக்கத்துல மாடிப்படியில நிக்க வெச்சேன். வெறுங்குடத்த இடிச்சாங்க. கருணாகரன் மாமாதான் லாரி.

ரூஹி: லாரியா!

புகழேந்தி: வாயாலயே 'டுர்ர்ர்'... ரிவர்ஸ் கூட எடுத்தாரு.

ரூஹி: அல்லா... சிரிக்க வைக்காதடா! ஹிஸ்டரியில பொய் சேக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லிட்டே இருக்காங்க, நீ என்னடான்னா...

புகழேந்தி: பொய் இல்ல. அந்த 'வரிசையில வா' எங்கம்மா. அங்க போனதுலேர்ந்து கதவத் தாண்டல, யார்ட்டயும் பேசல. அன்னிக்கு எல்லாரையும் அதட்டி நிக்க வெச்சது அவங்கதான். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ரூஹி: அப்ப அதையே எழுதுவோம். "தெரு போயிடுச்சு. அங்க இருந்தவங்க புது வீட்டு மாடிப்படியில அதைத் திரும்ப நடிச்சுக் காட்றாங்க." லிஃப்டை வெட்டாத, இருக்கட்டும்.

புகழேந்தி: எழுதுனா மிஸ்ஸுக்கு வூடு எங்கன்னு தெரிஞ்சிரும். என் கதி?

ரூஹி: அது... நீ எனக்கு அனுப்புன வீடியோவ காலையிலயே மிஸ்ஸுக்குப் போட்டுக் காட்டிட்டேன்.

புகழேந்தி: அடிப்பாவி! இம்மா நேரம் ஒண்ணும் தெரியாத மாரி கேட்டுக்கினு இருந்த?

ரூஹி: நீயே சொல்லுவேன்னுதான்... கத்தாம கேளு. நீ பெரும்பாக்கம் பஸ்லேர்ந்து இறங்கி ஓடி வர்றதை மிஸ் ஜூன் மாசத்துலேர்ந்து பாக்கறாங்களாம். டி.சி. குடுத்து அனுப்பணும்னா அப்பவே அனுப்பியிருக்க மாட்டாங்களா? வீடியோவுக்குத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை நானும் மிஸ்ஸும் கேமராவோட உங்க மாடிப்படிக்கு வர்றோம்... உங்கம்மாகிட்ட சொல்லி வை.