எட்டு டேப்லெட்டும் தொண்ணூற்றாறு பிள்ளைகளும்

காலை முதல் எழாமல் வீற்றிருந்து, எல்லோர் வழக்கையும் பொறுமையோடு கேட்டுவரும் எங்கள் ஊர்த் தலைவி நம்பேவே அம்மையார் அவர்களே! பேசுவதற்குக் குறைவில்லாத பெற்றோர் குழுவின் பெரியோர்களே! வலையைக் கரையிலே போட்டுவிட்டு வந்திருக்கும் மீனவத் தோழர்களே! உசிப்பா மீனைக் காயப் போட்டுவிட்டு, மனத்தை அங்கேயும் உடலை இங்கேயும் வைத்திருக்கும் தாய்மார்களே! பாயிலே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் எஸ்னாத் கப்பீட்டோ. எட்டாம் வகுப்பு ஆசிரியை. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதே என்று யாரும் வருந்த வேண்டாம். என் தொண்டை இன்னும் பழுதாகவில்லை.

சற்று முன் நம் வைசன் மக்காவா ஐயா பேசினார். படகு வைத்திருப்பவர், பள்ளிக்குப் பல முறை உதவியவர். என்ன சொன்னார்? "நம்ம ஊர்ப் புள்ளைங்க ஒருத்தர்கூட விடுதி வச்ச பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தேர்வாகி மூணு வருசம் ஆச்சு. டேப்லெட் எட்டுதான் இருக்கு. கெட்டிக்காரப் புள்ளைங்க எட்டுப் பேரைப் பொறுக்கி, அதுக்கான பரீட்சை முடியிற வரைக்கும் அவங்க கையிலயே குடுத்துருங்க. தொண்ணூத்தாறு பேருக்குப் பங்கு வச்சா ஒருத்தருக்கும் உருப்படியா கிடைக்காது" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஏன் தட்டினேன்? நீங்கள் இன்று செய்யச் சொல்வதை நான் ஐந்து மாதங்களுக்கு முன்பே செய்துவிட்டேன்! செய்து, கெட்டு, திருந்தி நிற்கிறேன். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

பாடம் ஏற்றிய இந்தத் தொடுதிரை டேப்லெட்டுகள் பள்ளிக்கு வந்த அன்று பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரித்தேன். கீழே போட்டு உடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. ஆகவே ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். "நீ பிடிச்சுக்கோ, மத்தவங்க பாருங்க" என்றேன். வகுப்பா அது? சத்தமில்லை, சண்டையில்லை, சலசலப்பில்லை! மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி என் முதுகைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மழை வந்தது. நான்கு நாள் சூரியனே இல்லை. கூரையின் மேல் இருக்கும் ஒற்றைச் சோலார் தகடு பட்டினி கிடந்தது, டேப்லெட்டுகள் கண்ணை மூடிவிட்டன. சரி, படித்த பாடம் எங்கே போய்விடும் என்று தாளிலே பரீட்சை வைத்தேன். பின்னக் கணக்கு. எத்தனை பேர் தேறினார்கள் தெரியுமா? தொண்ணூற்றாறு பேரில் பதினொருவர்! அந்தப் பதினொருவரில் எட்டுப் பேர் யார்? டேப்லெட்டைக் கையில் பிடித்திருந்த அதே எட்டுப் பேர்!

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல்? பிள்ளைகள் மேல்தான். ஆசிரியருக்குத் தன்மேல் ஆத்திரம் வரக் கொஞ்சம் நேரமாகும். இதோ உட்கார்ந்திருக்கிறாளே தமந்தானி, இவளை எழுப்பி, "ரெண்டு மாசமா டேப்லெட் முன்னாடி உக்காந்து என்னடி படிச்சே?" என்று கத்தினேன்.

அவள் சொன்னாள்: "லைஃபோர்டோட பிடரியை, டீச்சர்."

சிரிக்கிறீர்கள். வகுப்பும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அவன் முன்னாடி குனிஞ்சுக்குவான், எனக்கு ஒண்ணும் தெரியாது. எட்டிப் பாத்தா கையைத் தட்டி விடுவான். அவன் பிடரியில ஒரு தழும்பு இருக்கு, மூணு தையல். வேணும்னா வரைஞ்சு காட்டுறேன். பின்னம் மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

தாய்மார்களே, நான் அன்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் அந்தப் பெண் ஒரு பையனின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு நான் பாடம் என்று பெயர் வைத்திருந்தேன். குற்றம் லைஃபோர்டுடையதா? அவன் பன்னிரண்டு வயதுப் பையன். கொடுத்ததைப் பிடித்துக்கொண்டான். குற்றம் என்னுடையது.

மறுவாரம் ஒரு சட்டம் போட்டேன். பிடித்திருப்பவர் பேசக் கூடாது. பேசுபவர் தொடக் கூடாது! ஒருவர் விடை சொல்ல வேண்டும், வேறொருவரின் விரல் அழுத்த வேண்டும். அழுத்துவதற்கு முன்னே மீதிப் பத்துப் பேரும் தரையில் சாக்கட்டியால் தங்கள் விடையை எழுதியிருக்க வேண்டும். ஒரு கணக்கு முடிந்ததும் பிடித்திருந்தவர் எழுந்து பின்னால் போக வேண்டும். இதற்குப் புதிய கருவி வேண்டுமா? இணையம் வேண்டுமா? இன்னொரு சோலார் தகடு வேண்டுமா? ஒரு பெட்டி சாக்கட்டி வேண்டும், அவ்வளவுதான்!

சத்தம்? அப்பப்பா! "ஏய், அதை இல்லடா, பக்கத்துல இருக்கறதை அமுக்கு!", "நீ முதல்ல ஒழுங்கா சொல்லு, அப்புறம் அமுக்குறேன்!" என்று தகரக் கூரை எகிறியது. தலைமையாசிரியர் ஓடிவந்து, "யாரை யார் அடிச்சது?" என்று கேட்டார். கணக்குத்தான் ஐயா அடிபடுகிறது என்றேன்.

என்ன மக்காவா ஐயா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்... "என் பையன் மார்க் ரெண்டு குறைஞ்சுபோச்சே, அதுக்கு என்ன பதில்?" என்கிறார். நியாயமான கேள்வி. மறைக்க மாட்டேன். போன மாதப் பரீட்சையில் லைஃபோர்டுக்கு இரண்டு குறைந்தது உண்மை. அதே பரீட்சையில் தேறியவர்கள் ஐம்பத்தேழு பேர் என்பதும் உண்மை.

இன்னொன்றும் சொல்கிறேன், ஐயா, இது உங்களுக்குத் தெரியாது. முதல் நாள் உங்கள் மகன், தொடாமல், வாயாலே வழி சொல்ல வேண்டிவந்தது. அழுத்தும் முறை தமந்தானிக்கு. அவன் திணறினான். "அது... அதை இப்படி... நான் அமுக்கினா வந்துரும் டீச்சர்" என்றான். ஏன் அப்படி வரும் என்று கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. "விரலுக்குத் தெரியுது டீச்சர், எனக்குத் தெரியல" என்றான். இன்று போய்க் கேளுங்கள். மூன்று விதமாக விளக்குவான், நீங்கள் போதும் என்று சொல்லும்வரை! பெரிய பள்ளியில் அவனுக்கு எது கைகொடுக்கும்? விரலா, விளக்கமா?

யாரப்பா பின்னால்? "பேச்சை முடிங்க, மீனு காயுது" என்கிறாயா? முடிக்கிறேன், முடிக்கிறேன்.

அவையோரே! வாக்கெடுப்பைத் தலைவி அறிவிக்கும் முன் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எட்டுப் பேருக்கே கொடுங்கள் என்போர் தாராளமாகக் கை தூக்குங்கள். தூக்குபவர் எழுந்து நிற்க வேண்டும். மீதி எண்பத்தெட்டில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "உனக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், தேட வேண்டியதில்லை. தலைவி அம்மா, அனுமதி உண்டா? உண்டு என்று தலையசைக்கிறார்.

சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஒருவருமா இல்லை? மக்காவா ஐயா, நீங்கள் எழுந்தீர்களே... சரி. மகனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். உட்காருங்கள் ஐயா. நாங்களும் பெற்றவர்கள்தான், உங்கள் மனம் எங்களுக்குப் புரியும்.

செயலாளர் அவர்களே, ஒரு கையும் உயரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலை மணி அடித்ததும் தொண்ணூற்றாறு பேரும் வந்துவிட வேண்டும். அம்மாமார்களே, குலவை போதும், மீனைப் பாருங்கள்! பொறுமையாய்க் கேட்ட தலைவிக்கும், இடைமறித்துக் கேட்ட மக்காவா ஐயாவுக்கும், உங்கள் எல்லோருக்கும் நம் ஊர் வழக்கப்படி இரு கையும் தட்டி, முழங்கால் மடித்து நன்றி சொல்கிறேன். ஸிக்கோமோ! வணக்கம்!