மச்சான் கொண்டுபோன டிஸ்க்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எப்போதும் தாமதம்தான் சார். நானும் என் மனைவியின் தம்பி ஸ்ரீஹரியும் டிவி முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்போம். தேவயானி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போவாள்.

வீடியோ கேம்தான். பழைய கன்சோல், ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய ஒரே டிஸ்க். அதில் தெரிந்தவர்கள் பேரையெல்லாம் வைத்து எங்களுக்கென்று ஒரு டீம். ஓப்பனிங் என் மாமனார் வேதாச்சலம், கீப்பர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கருப்பன். அந்த டீமை மாவட்ட அளவிலிருந்து உலகக் கோப்பை வரைக்கும் வருஷக்கணக்கில் ஏற்றிக் கொண்டுவந்தோம். நான் எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு கட்டுகிறவன். திருச்சானூரில் என் கையைத் தெரியாதவர்கள் குறைவு. பகலெல்லாம் அடுத்தவர் வலியைத் தடவிக்கொண்டிருக்கிறவனுக்கு வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது?

ஸ்ரீஹரிக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போனுக்குள் பொடி ஸ்க்ரூ மாட்டுகிற வேலை. சம்பளம் ஏறியதும் புத்தூரில் தன் ரூமுக்குப் புது கன்சோல் வாங்கினான். ஒருநாள் வந்து டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"புது மெஷின்ல இத்தப் போட்டா இதே கேமோட புது வெர்ஷன் ஃப்ரீயா வருது மாமா. ஒரு பைசா வாணாம்."

"அப்பறம் திருப்பிக் கொண்டாந்துடுவியா?"

"அது எப்பிடி? ஆடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளயே இருக்கணும்."

"நம்ம டீமு?"

"அது அதுல வராது மாமா. ஃப்ரெண்ட்ஸோட ஆன்லைன்ல புச்சா ஆரம்பிக்கிறோம்."

கேம் கம்பெனி அவனுக்கு இலவசமாகக் கொடுத்ததற்கு விலை கொடுத்தது நான். டீம் முழுசாக என் பழைய கன்சோலுக்குள் இருந்தது. திறந்தால் டிஸ்க்கைப் போடு என்றது. இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்றாள் தேவயானி. வாங்கலாம் சார். பக்கத்தில் உட்கார ஆளை எங்கே வாங்குவது?

அப்புறம் அவன் ரேணிகுண்டா ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தான். வலது கட்டை விரல் அடியில் எலும்பு முறிந்திருந்தது. புத்தூரிலேயே எத்தனையோ பேர் கட்டுகிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் வந்தான். "நீ இருக்கும்போது வேற யாராண்ட மாமா போவேன்" என்றான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பொய் சொல்லவில்லை.

விரலை இழுத்தபோது எலும்பு நேராக உட்காருகிற இடம் என் விரலுக்குத் தெரிந்தது. அங்கிருந்து நெல்லளவு தள்ளி வைத்தேன். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி, எல்லாம் முறையாகத்தான் போட்டேன். கட்டு மாற்ற வந்தபோதெல்லாம் அதே இடத்தில் வைத்தேன். வாக்குமூலத்தில் கை தவறிவிட்டது என்று எழுதப் பார்க்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள், அது என் தொழிலுக்கு அவமானம். என் கை தவறவில்லை.

விரல் மடங்கவில்லை. ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாதவனை செல்போன் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிட்டது. புது கன்சோலை விற்றுவிட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். இரண்டு பக்கத்துக்கும் நானே ஆடினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். முன்பு போல அதிகம் பேசுவதில்லை, அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

தேவயானிதான் பொறுக்காமல் அவனைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். தொழில் தெரிந்தவன் வேண்டுமென்றே வைத்தது மாதிரி இருக்கிறது என்றாராம் டாக்டர். கெட்டிக்காரர்.

கம்ப்ளைண்ட்டில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருப்பது ஸ்ரீஹரியேதான் என்கிறீர்கள். இருக்காது. அக்காக்காரி கையைப் பிடித்துப் போட வைத்திருப்பாள். எலும்பை மறுபடி உடைத்துக் கட்டினால் விரல் மடங்குமாம். மடங்கும், எனக்குத் தெரியாதா? அவனை இங்கே கூப்பிட்டு, யார் கட்ட வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். கையை என்னிடம்தான் நீட்டுவான்.