நீலக் கயிற்று அடையாளம்

ஹலோ... ஹலோ, மேடமா? கேக்குதா?... நான் செபஸ்தியான். பாம்பன் செபஸ்தியான்... ஆமா ஆமா, ஆவுளியா செபஸ்தியான்தான். நல்லா இருக்கீகளா?... ம், இருக்கேன். நாலு தடவ போட்டு இப்பத்தான் கெடச்சது. வேலையா இருந்தீகளா?... சரி சரி.

சங்கதி நல்லதில்ல மேடம். இங்கன குந்துகால் கரையில ஆவுளியா ஒண்ணு ஒதுங்கிக் கெடக்கு... ஆமா, உங்க புத்தகத்துல கடல்பசுன்னு போட்டிருக்கீகளே, அதேதான்... இல்ல. உசுரு இல்ல. வெடிஞ்சு வந்து பாத்தேன், கெடந்துச்சு.

...யாருமில்ல. நான் மட்டுந்தான். எல்லாரும் கடலுக்குப் போயிட்டாக. பாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லியாச்சு, ஜீப்பு ராமநாதபுரத்துலருந்து வரணுமாம். எங்கயும் போகாம பக்கத்துலயே நில்லுன்னாக. நிக்கிறேன். ரெண்டு நாய் சுத்துது, அதுகள வெரட்டுறதுதான் இப்ப என் உத்தியோகம்.

...அளக்குற டேப்பா? இருக்கு. நீங்க குடுத்துட்டுப் போனதுதான். இருங்க, போனத் தோள்ல இடுக்கிக்கிறேன்... மூக்குலருந்து... ஒடம்பு மேல வளைக்கல மேடம், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி நேராத்தான் புடிச்சிருக்கேன்... வாலு நடுப் பள்ளம் வரைக்கும்... ரெண்டு மீட்டர் பதினாலு சென்டி. எழுதிட்டீகளா?... பொட்டை... வயிறு ஒட்டிக் கெடக்கு. பல நாளாப் புல்லு மேயல போல.

...காயமா. அதக் கடைசியாக் கேளுங்களேன்... இல்ல, விசைப்படகு அடிச்சதில்ல... வலையும் இல்ல... வெடியும் இல்ல மேடம், இந்தப் பக்கம் இப்ப யாரும் வெடி போடுறதில்ல...

சரி. சொல்றேன். இது என் ஆவுளியா.

...ஆமா. மூணு வருசத்துக்கு முந்தி என் வலையில ஏறுச்சே ஒரு குட்டி, வலைய அறுத்து விட்டேன்னு சொன்னேன்ல, அதுதான். மாசாமாசம் எங்கன பாத்தேன்னு உங்களுக்குச் சொல்லுவேனே. ஒரே ஆவுளியாதான்னு எப்படித் தெரியும்னு கேட்டீக. நீங்க வாங்க, காட்டுறேன்னேன். அடுத்த வருசம் வாரேன்னீக... இல்ல இல்ல, குத்தமாச் சொல்லல. உங்களுக்கு ஆயிரம் வேலை.

வாலுல கயிறு கட்டி விட்டேன் மேடம். நீலக் கயிறு. எங்க வீட்டு வலை மிதப்புக்கெல்லாம் அதுதான் அடையாளம், நீலத்துல ரெட்டை முடிச்சு... கோயில் காம்பவுண்டுல கூட்டம் போட்டு, வேட்டியத் திரையாக் கட்டிப் படம் காட்டுனீகளே. வெளிநாட்டுல வாலுல பெல்ட்டு மாட்டி, எங்கன போகுதுன்னு பாக்குறாகன்னு. அதப் பாத்துத்தான். நீங்க வந்ததும் காட்டி அசத்தணும்னு இருந்தேன்.

...என்னது?... அந்த பெல்ட்டு தானா அந்து விழுந்துருமா?... உப்புத்தண்ணி அரிக்கிற கண்ணி ஒண்ணு வச்சிருப்பாகளா... ஓ... அன்னைக்கு அதச் சொன்னீகளா?... சொல்லலியா... அழுகாதீக மேடம். சொல்லியிருந்தாலும் நான் பின்னால டீ குடுத்துக்கிட்டிருந்தேன், காதுல விழுந்திருக்காது... இல்ல. உங்க தப்பு எப்படி ஆகும்? வளர்ற பிள்ளைக்கு வருசா வருசம் அரணாக்கயித்த மாத்திக் கட்டுறோம். இதுவும் வளரும்னு எனக்குத் தெரிய வேணாமா? இதுக்குமா டாக்டருக்குப் படிக்கணும்?

...ஆமா. சதைக்குள்ள போயிருச்சு. சுத்திப் புண்ணு. முடிச்சு மட்டும் வெளிய தெரியுது.

அந்த முடிச்சு வேலை செஞ்சுச்சு மேடம், அதையும் எழுதிக்கங்க. ஒருத்தன் அடையாளம் போட்ட பொருளக் கடல்ல அடுத்தவன் தொடமாட்டான். தொட்டா ஊர்க்கூட்டத்துல நிக்கணும். ரெண்டு தடவ அடுத்தவன் வலையில ஏறுச்சு. ரெண்டு தடவையும், இது செபஸ்தியான் மாடுன்னு வலைய அறுத்து விட்டாக. முந்தின்னா அன்னைக்கே கறி. நானே அறுத்திருக்கேன், உங்களுக்குத் தெரியாததா.

போன தடவ விட்டவன் சொன்னான் மேடம். கயிறு இறுக்கமா இருக்குண்ணேன்னான். அவுந்து போகாம இருக்கேன்னு நான் சந்தோசப்பட்டேன்... ம்... சந்தோசப்பட்டேன்.

...வீட்டுலயா? வீட்டுல யாரு இருக்கா. வீட்டுக்காரி புஷ்பமேரி தவறி அஞ்சு வருசமாச்சு. மகன் சவுதியிலருந்து கிறிஸ்மஸுக்கு ஒரு தடவ பேசுவான். இந்தப் போனே இதுக்காக வாங்குனதுதான். கரைக்கு வந்ததும் போட்டுக்காரங்க போன் அடிப்பாக. ஏலே, ஒன் மாடு மண்டபத்துக்குத் தெக்க மேயுதுடா, கொழுத்துப்போச்சுடான்னு கேலி பண்ணுவாக. சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சு ஓடி எடுப்பேன். இனிமே யாரு அடிக்கப் போறா.

...ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே? கத்தி இடுப்புலதான் இருக்கு. ஜீப்பு வாரதுக்குள்ள கயித்த அறுத்துக் கடல்ல வீசிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. ஏதோ கிழிச்சிருச்சுன்னு எழுதிக்கிட்டுப் போயிருவாக. ஊருல என் பேரும் கெடாது...

அறுக்கல. அறுக்கல மேடம். அப்படியே இருக்கு.

அலியார் பாயத் தெரியும்ல? பெரியபட்டினத்துக்காரரு... ஆமா, கூட்டத்துல எந்திரிச்சு எந்திரிச்சுக் கேள்வி கேட்டாரே, அவருதான். போன வருசம் அவரு வலையில ஒரு குட்டி ஏறுச்சு. என்னைப் பாத்துட்டு அவரும் கட்டி விட்டாரு. பச்சைக் கயிறு. முடிச்சு எப்படிப் போடணும்னு போன்ல சொல்லிக்குடுத்ததே நான்தான்... உசுரோடதான் இருக்கு. போன வாரம்கூட புல்லுத் திட்டுல மேஞ்சுச்சாம். வளந்திருக்குன்னு பெருமையாச் சொன்னாரு.

...அதான் மேடம். அதுக்குத்தான் பேசுறேன். இன்னும் இறுகியிருக்காதுல்ல?... இப்பப் புடிச்சு அவுத்துவிட்டாப் பொழச்சிருமா?... பொழச்சிரும்ங்கிறீக... சரி... நீங்களே வாரீகளா? இந்தத் தடவ நெசமாவா?... வாங்க. நீங்க வந்து மருந்து வைங்க, தேடிப் புடிக்கிறது எங்க வேலை. நாலு ஊரு வள்ளமும் எறங்குனா ரெண்டு நாளுல கண்டுபுடிச்சிரலாம்.

...அவருக்கு நீங்க பேசுறீகளா? வேணாம். படிச்சவுக இன்னைக்குக் கட்டும்பாக, நாளைக்கு அவுத்துவிடும்பாகன்னு விட்டுருவாரு. முடிச்சுப் போடச் சொல்லிக்குடுத்தவன்தான் சொல்லணும். என் மாட்ட என் கயிறே கொன்னுருச்சுன்னு நான் சொன்னாத்தான் அவரு ஓடுவாரு... இல்ல, இன்னும் சொல்லல. அவருக்குப் போடத்தான் போன எடுத்தேன். நாலு தடவையும் கை உங்க நம்பரத்தான் அமுக்குச்சு.

மேடம்... ஜீப்பு வார வரைக்கும் லைன்ல இருக்கீகளா? பேச வேணாம். சும்மா இருந்தாப் போதும்...

ம்...

...இல்ல, நாய்தான். போ அங்கிட்டு...

ம்... இதுக்குக் கண்ணு இன்னும் மூடல தாயி. மண்ணு விழுகுது, தொடச்சு விடுறேன்...

...தாயி, போன வச்சிருங்க... கோவமெல்லாம் இல்ல. மதியக் காத்துக்கு அலியார் பாய் வள்ளத்தத் தள்ளிருவாரு. உள்ள போயிட்டா அவரு போனு எடுக்காது. எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு போனுதான், சார்ஜும் ஒரு கோடுதான் நிக்குது. நீங்க கூட இருந்தா நான் அவருக்கு எப்படிப் போடுறது?...

ஆமா... ஆமா, நானே சொல்லிர்றேன்... வைக்கிறேன் தாயி.